மாடி அறையில் ஒரு மலை ரயில்

என் அக்கா புருஷன் மஸ்கட் வேலையை முடித்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கே திரும்பி வந்தபோது, ஒரு பெட்டியை மட்டும் யாரையும் தொட விடவில்லை. டாக்சிக்காரர் கையை வைத்ததும் "ஏய், ஏய், விடு" என்று கத்தினார். தானே தோளில் வைத்து, மூச்சு வாங்க, மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். நகையாக இருக்கும் என்று அக்கா நினைத்தாள். நான் எதுவும் நினைக்கவில்லை. அந்த மனிதரைப் பற்றி நல்லதாக எதையும் நினைப்பதை அவர்கள் கல்யாணம் நடந்த கொஞ்ச நாளிலேயே நிறுத்திவிட்டேன்.

பெட்டிக்குள் இருந்தது ரயில். ஜெர்மனியில் செய்த சின்ன ரயில். நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. எஞ்சின் ஒரு பீர்க்கங்காய் நீளம்கூட வராது. தண்டவாளத்தில் கரண்ட் ஓடும், கையிலிருக்கும் கருவியைத் திருப்பினால் வண்டி நகரும், பொத்தானை அமுக்கினால் 'கூ' என்று ஊதும்.

எங்கள் ஊருக்கு அப்போது ரயில் கிடையாது. ரயிலேற வேண்டும் என்றால் பஸ் பிடித்துச் சின்னசேலம் போக வேண்டும். மாமா அதைக்கூடச் செய்ததில்லை. அவருக்குக் கூட்டம் ஆகாது, வேர்வை நாற்றம் ஆகாது, பக்கத்து சீட்டுக்காரன் கட்டுச்சோற்றைப் பிரித்தால் ஆகாது. கார், இல்லாவிட்டால் விமானம். இப்படிப்பட்டவர் ரயிலின் மேல் தனக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர் என்று எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தார்.

நான் பல் செட்டு செய்கிறவள். டாக்டர் இல்லை. கள்ளக்குறிச்சியிலும் தியாகதுருகத்திலும் இருக்கும் பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். நான் அதில் கல்போல் இறுகும் கல்மாவைக் கரைத்து ஊற்றி அச்செடுத்து, மெழுகில் ஈறு கட்டி, பல் அடுக்கி, வேகவைத்து, ராவித் தேய்த்துக் கொடுப்பேன். என் வேலையை மாமா ஒரு நாளும் மதித்ததில்லை. "இன்னா டாக்டரம்மா, இன்னிக்கு எத்தினி கெழவன் வாய்க்குக் கதவு வெச்ச?" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

அவர் வந்து சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை மாடிக்குக் கூப்பிட்டார். அறையை அடைத்துக்கொண்டு பிளைவுட் மேசை. அதன்மேல் சாக்கும் பசையும் ஜிப்சமும் போட்டு எழுப்பிய ஒரு மலை. மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றித் தூவியிருந்தார்.

"இது இன்னான்னு சொல்லு பாக்கலாம்."

"தெரியலயே மாமா."

"கல்வராயன் மலைம்மா! இது கச்சிராயபாளையம் ஜங்ஷன். இங்கேருந்து வண்டி கெளம்பும். கோமுகி டேம் மேல ஒரு பாலம். அப்புறம் ரெண்டு டனல். மேல பாத்தியா, வெள்ளிமலை ஸ்டேஷன்."

மேலே பார்த்தேன். வெள்ளிமலையில் செங்குத்தான சிவப்புக் கூரை போட்ட வீடுகள் நின்றன. பனி சறுக்கி விழுவதற்கென்று கட்டிய கூரைகள். ஜன்னலுக்கு ஜன்னல் பூத்தொட்டி. எல்லாம் பெட்டியோடு வந்த வெளிநாட்டு அட்டைக் கட்டடங்கள். நடுவில் கூம்பு வைத்த ஒரு சர்ச். அதன் சிலுவையைப் பிடுங்கிவிட்டு, கொலு பொம்மையிலிருந்து உடைத்த கோபுரத் துண்டு ஒன்றை உச்சியில் ஒட்டியிருந்தார்.

"கோயிலு" என்றார்.

கச்சிராயபாளையம் ஜங்ஷனை அவரே செய்திருந்தார். ஸ்வீட் டப்பா. மஞ்சள் பெயிண்ட் அடித்து, ஸ்கெட்ச் பேனாவால் ஜன்னல் வரைந்திருந்தார். பெயிண்டையும் மீறி 'ஸ்பெஷல்' என்ற எழுத்து தெரிந்தது. ஜன்னல்களில் ஒன்றுகூட நேராக இல்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேசைக்கு அடியில் அவர் இழுத்திருந்த ஒயர்கள் அத்தனை ஒழுங்கு. ஒவ்வொன்றும் நூல் பிடித்ததுபோல் ஓடி, சரியான இடத்தில் முடிந்தது. அவருக்குத் தெரிந்த வேலை அதுதான். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த சர்ச் கோயிலைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்குத் திரும்பியும் அந்த ஸ்கெட்ச் பேனா ஜன்னல் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அவர்மேல் பிரியப்பட்டு நான் அந்த வேலைக்குள் போகவில்லை. இவ்வளவு கேவலமாக ஒரு மனிதர் ஒரு ஜன்னலைச் செய்துவிட்டு மார் நிமிர்த்தி நிற்கிறாரே என்ற எரிச்சல்தான் என்னை உட்கார வைத்தது. பல்லுக்கு க்ளிப் போடும் மெல்லிய கம்பியை நறுக்கி ஐந்து கம்பி வைத்த ஜன்னல் ஒன்று செய்தேன். சட்டத்தை மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, பிளாஸ்டிக்கில் வார்த்தேன். மூலையில் கொஞ்சம் பச்சை பெயிண்ட் உரிந்து, அடியில் பழைய நீலம் தெரியும்படி விட்டேன். சுண்டு விரல் நகத்தளவு இருந்தது. அதைக் கொண்டுபோய் அவர் உள்ளங்கையில் வைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரவால்லியே. ஸ்டேஷனையே செஞ்சுடு" என்றார், சமையல்காரியிடம் இன்னொரு தோசை கேட்பதுபோல.

செய்தேன். ஓடு, தூண், டிக்கெட் ஜன்னல், கூரை விளிம்பில் துருப்பிடித்த தகரம். என் தொழில் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. பளிச்சென்று வெள்ளையாக இருக்கும் பல் பொய்ப்பல் என்று தெருக்கோடியிலேயே தெரிந்துவிடும். பக்கத்துப் பல்லில் என்ன மஞ்சளோ அந்த மஞ்சள், என்ன கறையோ அந்தக் கறை, அப்போதுதான் அது வாயில் முளைத்த பல். கட்டடமும் அப்படித்தான். மழைத்தண்ணீர் வழிந்த கறுப்புக் கோடுகளைக் கூரைக்குக் கீழே இழுத்தேன். குழாயடியில் பாசி. கிழிந்த போஸ்டர் ஒன்று, பாதி முகத்தோடு. படிக்கட்டு மூலையில், ஈறுக்குப் போடும் சிவப்பில் காவி கலந்து, ஊசி முனையால் நாலைந்து புள்ளி.

மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"இன்னா இது, ரத்தமா?"

"வெத்தலபாக்கு எச்சி மாமா."

"என் ஸ்டேஷன்ல எவனும் துப்ப மாட்டான்."

சொன்னதோடு நிற்கவில்லை. துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். மழைக் கோடும் போயிற்று, பாசியும் போயிற்று. கட்டடம் புதுப் பல் மாதிரி இளித்துக்கொண்டு நின்றது. அவர் கீழே சாப்பிடப் போன சமயம், பின்பக்கச் சுவரில், மேசையின் அந்தப் பக்கம் போய்க் குனிந்தால்தான் தெரியும் இடத்தில், ஊசி முனையால் மறுபடியும் துப்பிவைத்தேன். அதை அவர் கடைசிவரை பார்க்கவில்லை. தன் ஊரின் பின்பக்கம் போய்ப் பார்க்கிற ஆள் இல்லை அவர்.

வெள்ளிமலை ஸ்டேஷனுக்கு எனக்கு மாதிரி வேண்டியிருந்தது. மலையில் கட்டடங்கள் எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்காமல் செய்ய மாட்டேன் என்று சொன்னேன். "நெட்டுல பாத்துக்கலாம்" என்றார். முடியாது என்றேன். புதுக் கார் வாங்கியிருந்தார், அதை யாராவது பார்க்க வேண்டும் என்று இருந்ததோ என்னவோ, ஒரு நாள் கிளம்பினோம். அக்கா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் சாய்ந்திருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அவள் "ஐயோ" என்றாள். ஒவ்வொரு வளைவிலும் மாமா, இங்கே தண்டவாளம் எந்தச் சரிவில் ஏறும் என்று விளக்கினார்.

வெள்ளிமலை தாண்டி ஒரு சின்ன ஊர். ரோட்டோரத்தில் கடுக்காயும் புளியும் போட்டுவைக்கும் பழைய கிடங்கு ஒன்று இருந்தது. கருங்கல் சுவர், நாட்டு ஓடு, பலகைக் கதவு. ஒரு பக்கச் சுவரில் மூட்டை உரசி உரசி, ஆள் இடுப்பு உயரத்துக்கு வழவழப்பாகிவிட்டிருந்தது. பார்த்ததும் இதுதான் என்று தெரிந்துவிட்டது. டேப்பை எடுத்துக் கதவை அளக்க ஆரம்பித்தேன்.

மண்வெட்டியும் கையுமாக ஒருவர் வந்து நின்றார். தலையில் துண்டு, முழங்கால்வரை ஈரமண். அவர் மனைவி பின்னால், தலையில் கூடையோடு.

"இன்னாத்துக்கும்மா அளக்கறீங்க?"

"பொம்மை வீடு செய்யறதுக்குண்ணா. இதே மாதிரி சின்னதா."

அவர் சிரித்தார். பெரிய மனுஷி, கார்க்காரி, மலையேறி வந்து பொம்மைக்கு அளவெடுக்கிறாளாம். நம்புகிற மாதிரியா இருக்கிறது? என்னை விட்டுவிட்டு மாமாவைப் பார்த்தார். மாமா தொப்பி போட்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் கேமரா, கையில் அவரே பென்சிலால் வரைந்த ரயில் பாதை வரைபடம். அதை கார் பானெட்டின் மேல் விரித்து வைத்துக்கொண்டு, "டனல் நம்பர் டூ இங்கதான் வரும்" என்று அக்காவிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஆள் கிட்டே போனார்.

"சார், ரயிலு வருதுங்களா இங்க?"

இல்லை என்று சொல்வதற்கு மாமாவுக்கு நிறைய நேரம் இருந்தது. கண்ணாடியைக் கழற்றினார். பள்ளத்தாக்கைப் பார்த்தார். எதிரில் நிற்பவரின் மண் ஒட்டிய காலைப் பார்த்தார். முகத்தில் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது. மஸ்கட்டில் இத்தனை வருஷம் அவர் யார் யார் முன்னால் எல்லாமோ கைகட்டி நின்றிருப்பார். இப்போது ஒருவர் அவர் முன்னால் கைகட்டி நின்றார்.

"இப்போதைக்குப் பாத்துக்கினு இருக்கோம்" என்றார்.

நாங்களாம். அதற்குள் இன்னும் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். எந்தப் பக்கமாக வரும் என்று ஒருவர் கேட்டார். மாமா கையை நீட்டினார். "அதோ மொட்டைப் பாறை தெரியுது இல்ல, அதைக் கொடைஞ்சு இந்தப் பக்கம் வரும். அப்பிடியே வளைஞ்சு, அந்தப் பள்ளத்து வழியா..." விரல் போன வழியே எல்லாருடைய தலையும் திரும்பியது. பள்ளத்தில் விரல் நின்றபோது மண்வெட்டிக்காரரின் முகம் மாறிவிட்டது.

"அது எங்க கொல்லை நெலங்க."

"அப்பிடியா?"

"அதுலதான் கெணறு வெட்டிக்கினு இருக்கோம். பாதிக்கு மேல வந்துட்டோம்."

"இப்ப வெட்டாதீங்க" என்றார் மாமா. "வேஸ்ட்டா பூடும். எதுக்கு?"

கூடைக்காரப் பெண் கூடையை இறக்கி வைத்தாள். "எங்க ஊர்ல நிக்குமாங்க வண்டி?" என்று கேட்டாள்.

"நிக்கும், நிக்கும்" என்றார் மாமா, தாராளமாக.

அதோடு விட்டாரா? பர்ஸிலிருந்து மஸ்கட் கம்பெனி கார்டு ஒன்றை எடுத்து, பின்னால் கள்ளக்குறிச்சி விலாசத்தை எழுதிக் கொடுத்தார். கார்டில் 'டெக்னிகல் மேனேஜர்' என்று இருந்தது. அங்கே அவர் ஏ.சி. மிஷின் பழுது பார்த்தவர். அதில் குறைவு ஒன்றும் இல்லை. அதை அவர் குறைவு என்று நினைத்து மறைத்ததுதான் கேவலம்.

நான் அந்த ஆளைத் தனியாகக் கூப்பிட்டேன். "அண்ணா, அவர் ரயில்வே இல்ல. சும்மா சொல்றாரு. நீங்க பாட்டுக்குக் கிணறு வெட்டுங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "புரியுதும்மா. வெளிய சொல்லக் கூடாதுன்னு இருக்கும். நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்."

திரும்பும் வழியில் கேட்டேன். "எதுக்கு மாமா அப்படிச் சொன்னீங்க?"

"சும்மா பேச்சுக்குச் சொன்னேன். சந்தோஷப்பட்டானுங்க இல்ல?"

"கிணறு வெட்டாதன்னு சொன்னது?" என்று பின் சீட்டிலிருந்து அக்கா கேட்டாள். மாமா ஹார்னை அமுக்கினார். எதிரில் வண்டி ஒன்றும் வரவில்லை.

கிடங்கைச் செய்து முடிக்க எனக்குப் பல வாரம் ஆயிற்று. ராத்திரி பகலாகச் செய்தேன் என்றெல்லாம் இல்லை, பல் வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில். கல் ஒவ்வொன்றையும் கல்மாவில் தனித்தனியாகச் செதுக்கினேன். ஓடுகளுக்கு ஒரே அச்சு. ஆனால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கோணலாக அடுக்கினேன். மூட்டை உரசிய வழவழப்புக்கு, பல் செட்டுக்கு மெருகேற்றும் துணிச் சக்கரத்தை லேசாகக் காட்டினேன். அந்த இடத்தில் மட்டும் கல்லில் ஒரு எண்ணெய்ப் பளபளப்பு வந்தது. இதை மாமா துடைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அது அழுக்கு என்றே அவருக்குத் தெரியாது. கதவோரம் எள்ளளவு கடுக்காய் கொஞ்சம் சிதறிக் கிடந்தது.

அதைக் கொண்டுபோய் வைத்த நாளில்தான் அவர்கள் வந்தார்கள்.

மதியம் சாப்பாடு முடிந்திருந்தது. நானும் அக்காவும் கீழே இருந்தோம். வாசலில் மண்வெட்டிக்காரரும் அவர் மனைவியும். இருவரும் வெளுத்த துணி உடுத்தியிருந்தார்கள். அந்தப் பெண் கையில் ஒரு பை. "சாமை அரிசிங்க, சாருக்கு" என்று நீட்டினாள். அவர் மடியிலிருந்து கார்டை எடுத்துக் காட்டினார். வேர்வையில் அது துணி மாதிரி ஆகியிருந்தது.

அக்கா மாடிக்குப் போன் போட்டாள். வாசல்வரை கேட்கிற குரலில் மாமா பதில் சொன்னார். "நான் மெட்ராஸ் போயிருக்கேன்னு சொல்லு."

அக்கா போனை வைத்தாள். அதற்குள் மேலே, அவசரத்தில் எதன்மேல் கை பட்டதோ, 'கூ' என்று ஊதியது.

அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தாள். "ரயிலு சத்தம் கேக்குது" என்றாள்.

"வாங்க மேல" என்றேன்.

அக்கா என்னைத் தடுக்கவில்லை. அவளும் எங்கள் பின்னால் ஏறி வந்தாள்.

மாமா கையில் கருவியோடு நின்றார். பனியன், லுங்கி. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் அவரை அவர்களுக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் மண்வெட்டிக்காரர் கும்பிட்டார். பிறகுதான் மேசையைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். டனலைப் பார்த்தார். எஞ்சின் ஒன்று மூன்று பெட்டியோடு பாதி பாலத்தில் நின்றுகொண்டிருந்தது.

அந்தப் பெண் மேசையைச் சுற்றி மெதுவாக நடந்தாள். மேலே, சிவப்புக் கூரைகளுக்கு நடுவே என் கிடங்கு இருந்த இடத்தில் நின்றாள்.

"இது நம்ம ஊரு கெடங்கு" என்றாள் புருஷனிடம். "மூட்ட ஒரசன எடம் பாரு."

பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க அளந்தது இதுக்குத்தானா?"

"ஆமாம்மா. அன்னிக்கே சொன்னேன்."

"சொன்னீங்க" என்றாள்.

அவள் புருஷனுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. மாமாவிடமே கேட்டார். "அப்ப ரயிலு...? இதானுங்களா சார்?"

மாமா தொண்டையைச் செருமினார். மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு கணம் நானும் நினைத்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு அந்த முட்டாள்தனம் மிச்சம் இருந்தது.

"இது ஒரு மாடல்" என்றார்.

"அப்ப கெணறு வெட்டலாங்களா?"

"தாராளமா வெட்டுங்க" என்றார் மாமா. மேலிடத்திலிருந்து அனுமதி வாங்கிக் கொடுப்பதுபோல் தலையை வேறு ஆட்டினார்.

"சரிங்க சார்" என்றார் அவர். இன்னொரு தடவை கும்பிட்டார். அவர் மனைவி கும்பிடவில்லை. மாமாவைக் கடந்து போகும்போது, சந்தையில் சொத்தைக் காயைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுகிறவள் மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். நான் இத்தனை வருஷம் அவரை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் அதற்கு இணையில்லை.

கீழே அக்கா அவர்களை உட்கார வைத்துச் சோறு போட்டாள். சாமையைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். "இருக்கட்டுங்க, உங்களுக்குத்தான்" என்று அந்தப் பெண் அக்கா கையிலேயே வைத்தாள். 'உங்களுக்கு' என்பதை அழுத்திச் சொன்னாள். அவர்கள் பஸ்ஸுக்குப் போனதும் நான் மாடிக்குப் போய்க் கிடங்கைப் பெயர்த்து எடுத்தேன். அடியில் ஒட்டியிருந்த பசையோடு கொஞ்சம் பச்சைத் தூளும் வந்தது.

"ஏய், இன்னா பண்ற?"

"ஒண்ணும் இல்ல மாமா. இது உங்க மலையில இருக்க வேணாம்."

அதற்குப் பிறகு அந்த மாடிக்கு நான் ஏறவில்லை. கிடங்கு இருந்த ஓட்டையின் மேல் அவர் அந்த சர்ச் கோயிலை நகர்த்தி வைத்துவிட்டதாக அக்கா சொன்னாள்.

மழைக்காலம் முடிந்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவளே வந்து பேசினாள். கிணறு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"நிறுத்தி வெச்சிருந்தோம் இல்லீங்களா, மழையில கர சரிஞ்சு பாதி மூடிப்போச்சு. மறுக்கா வெட்டிக்கினு இருக்கோம்." குறை சொல்கிற குரலே இல்லை. "இன்னும் தண்ணி வரல" என்றாள். பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

இதை மாமாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "நான்தான் வெட்டச் சொன்னனே" என்றார்.

அடுத்த வருஷம் திருநாவலூரில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் மாமா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் தன் ரயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு தத்ரூபம், எவ்வளவு நுணுக்கம், கல்லு கல்லாகச் செதுக்கியது, கேள்விப்பட்டு மலையிலிருந்தே ஜனங்கள் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், பார்த்தவர்கள் அசந்து நின்றார்கள் என்றெல்லாம். பெரியவருக்குக் காது மந்தம். பாதிதான் கேட்டிருக்கும்.

"அப்பிடியா! மலைக்கு ரயிலு வுடறாங்களா?" என்றார், கண் விரிய.

மாமா பாயசத்தை ஒரு வாய் உறிஞ்சினார். முகத்தில் அதே கனம் வந்து உட்கார்ந்தது.

"பாக்கலாம், பாக்கலாம்" என்றார்.

என் இலையில் இன்னும் சோறு இருந்தது. மூடிவிட்டுக் கை கழுவ எழுந்து போனேன்.